சரளைப் பள்ளத்தில் ஒரு கௌபாய் ஊர்

தெற்கு ஜெர்மனியில் எங்கள் ஊர் மூஸ்ஹைமில் இறைச்சிக் கடை வைத்திருந்த லிண்ட்மயருக்கு நான்கு பெண்கள். மூன்று பேர் தேவாலயப் பாடற்குழுவில் பாடினார்கள். கடைசிப் பெண் அஃப்ரா மட்டும் கடையின் பின்கட்டில் தொத்திறைச்சி கட்டிக்கொண்டே, ஆக்ஸ்பர்க்கில் இருந்த அமெரிக்கப் பட்டாளத்தின் வானொலியில் வருகிற கௌபாய் பாட்டுகளைப் பாடுவாள். ஆங்கிலம் ஒரு வார்த்தை தெரியாது. காதில் விழுந்ததை அப்படியே திருப்பிப் பாடுவாள். எதிர்வீட்டில் இருந்த எனக்கு, அவள் பாடுவது வேலைக்குப் போன புருஷன் திரும்பி வராத ஒருத்தியின் கதை என்று தோன்றும். பிறகு ஒரு நாள் அர்த்தம் கேட்டுத் தெரிந்துகொண்டபோது, அது ஒரு நாயைப் பற்றிய பாட்டு.

நானும் அவளும் ஒரே வகுப்பு. நான் பால் சங்கத்தில் குமாஸ்தா. கல்யாண வீடுகளில் ஸிதர் வாசிப்பேன். எங்கள் பக்கத்தில் அது மேசைமேல் கிடத்தி வாசிக்கிற கம்பிப் பெட்டி. எங்களுக்கு இருபத்து மூன்று வயது நடந்தபோது ஒரு நாள் சங்கத்துக்கே வந்து, கவுண்டரில் முழங்கையை ஊன்றிக்கொண்டு கேட்டாள்.

"டேய் வெண்டலின், உன் பெட்டியில அழுகிற மாதிரி ஒரு சத்தம் வருமா?"

"கல்யாணத்துல எதுக்கும்மா அழுகை?"

"கல்யாணத்துக்கு இல்லடா. எனக்கு."

வெண்ணெய்க் கத்தியின் முதுகைக் கம்பிமேல் வைத்து இழுத்துக் காட்டினேன். பெட்டி விம்மியது. அடுத்த சனிக்கிழமையே என்னைப் பட்டாளத்து மனமகிழ் மன்றத்துக்கு இழுத்துக்கொண்டு போய்விட்டாள். டெக்ஸஸ், கென்டக்கி என்று எங்கெங்கோ பிறந்து வளர்ந்த பையன்கள் முன்னால் நின்று, பவேரியக் கொச்சையில் ஊறிய நாக்கால் அவர்கள் பாட்டை அவர்களுக்கே பாடினாள். முதல் வரியிலேயே மன்றம் சிரித்தது. அவள் நிறுத்தினாள். சிரித்தவர்களில் உரக்கச் சிரித்தவனைக் கைகாட்டிக் கூப்பிட்டாள். அவன் எழுந்து வராமல் நெளிந்தான். அவன் நெளிந்து அடங்கும் வரை காத்திருந்துவிட்டு, முதலிலிருந்து ஆரம்பித்தாள். இரண்டாவது பாட்டு முடிந்தபோது எவனும் கோப்பையைக் கூட நகர்த்தவில்லை. நான் அந்த மாதச் சம்பளத்தில், கம்பிமேல் இரும்பை இழுத்து வாசிக்கிற ஒரு பழைய ஸ்டீல் கிதார் வாங்கினேன்.

இரண்டு வருஷத்தில் அவள் எங்கள் பேச்சு மொழியிலேயே பாட்டு எழுத ஆரம்பித்தாள். மெட்டு கௌபாய் மெட்டு. உள்ளே இருந்தது எல்லாம் எங்கள் சங்கதி. பால் வண்டிக்காரன், திங்கட்கிழமை மழை, இயந்திரத் தொழிற்சாலைக்குப் போய்க் குடியையும் சேர்த்துக் கற்றுக்கொண்ட பக்கத்துத் தெரு அண்ணன். மூனிக்கிலிருந்து க்ரோட் என்ற இசைத்தட்டுக் கம்பெனிக்காரர் கேட்க வந்தார். கேட்டுவிட்டுத் தொண்டையைச் செருமினார்.

"குரல் பிரமாதம்மா. ஆனா ஒண்ணு சொல்றேன், தப்பா எடுத்துக்காதே. நம்ம ஊர்ப் பாவாடை சட்டை போட்டுக்கோ. பின்னால ஒரு மலைப் படம். மலைப்பாட்டு பாடு. இந்தக் கௌபாய் சமாச்சாரம் ஆம்பளைங்களோடது."

"மாட்டுக்கு அது தெரியுமா ஐயா, மேய்க்கிறது ஆம்பளையா பொம்பளையான்னு?"

"மாடு இசைத்தட்டு வாங்காதே!"

"அப்ப வாங்கறவங்ககிட்ட நானே போய்க்கறேன்" என்று சொல்லி, அவர் குடித்து முடிக்காத காப்பிக் கோப்பையை எடுத்துக் கழுவப் போய்விட்டாள்.

சொன்னபடியே போனாள். லீஸல் என்ற செம்மண் நிறப் பெண் குதிரை வாங்கினாள். கடைத் திறப்பு, மாட்டுச் சந்தை, தீயணைப்புப் படையின் ஆண்டு விழா என்று எங்கே கூப்பிட்டாலும் குதிரையோடு போய், சேணத்தில் எழுந்து நின்று பாடினாள். குதிரை அசையாது. பின்னால் ஒரு லாரியின் தட்டில் நானும், தாளத்துக்கு ஒரு தச்சனும். இப்படிப் பன்னிரண்டு வருஷம். ஒரு சின்னக் கம்பெனி அவள் சொன்னபடியே போட்ட 'திங்கட்கிழமை மழை' தட்டு தெற்கு ஜெர்மனி முழுக்க விற்றது. தொலைக்காட்சியில் கூட ஏழெட்டு முறை வந்தாள். க்ரோட் வாழ்த்துக் கடிதம் அனுப்பினார். அதன் பின்பக்கத்தில் அவள் குதிரைத் தீவனத்துக்குப் பட்டியல் எழுதினாள்.

எழுபதுகளின் கடைசியில் காற்று மாறியது. கடை திறப்பவர்கள் பாட்டுக்காரியைக் கூப்பிடாமல் ஒலிபெருக்கியை வாடகைக்கு எடுத்தார்கள். ஒரு வாரம் முழுக்கத் தொலைபேசி மணி அடிக்காமல் இருந்தது. முப்பத்தெட்டு வயதில் அவள் முடிந்துபோனாள் என்று ஊரில் எல்லோரும் நினைத்தார்கள். எனக்கும் உள்ளுக்குள் அப்படித்தான் பட்டது.

அப்போதுதான் ஊருக்கு வெளியே கைவிடப்பட்டுக் கிடந்த சரளைப் பள்ளத்தை வாங்கினாள். நெடுஞ்சாலை போட்டபோது கல் அள்ளி அள்ளிக் குடைந்த இடம். ஒரு பக்கம் குட்டை, மறுபக்கம் முள். விளிம்பில் என்னை நிறுத்திக் கையை நீட்டினாள்.

"அங்க மதுக்கடை. அங்க வங்கி. அங்க சிறைச்சாலை. நடுவுல தெரு. ஒரு முழு கௌபாய் ஊரு, வெண்டலின். இனிமே எவன் கூப்பிடுவான்னு நான் காத்திருக்க மாட்டேன். அவன் டிக்கெட் வாங்கிட்டு வரட்டும்."

"ஊர்ச் சபை விடாது."

"விடாதுன்னு எனக்கும் தெரியும். தலைவர் எப்படிச் சொல்லப் போறாருன்னு கேக்கத்தான் ஆசையா இருக்கு."

எங்கள் ஊர்த்தலைவர் ஸேஹூபர், பெரிய பன்றிப் பண்ணைக்காரர். சபைக் கூட்டம் சத்திரத்தின் மேல்மாடியில் நடக்கும். அவர் விண்ணப்பத்தை மூக்கருகே வைத்துப் படித்தார்.

"மதுக்கடை, வங்கி, சிறை. ஏன் அஃப்ரா, சுடுகாடு ஒண்ணு விட்டுப் போச்சே?"

சபை சிரித்தது.

"அதுக்கு உங்களைத்தான் எதிர்பார்த்திருக்கேன், தலைவரே."

சபை இன்னும் பலமாகச் சிரித்தது. ஸேஹூபருக்குக் காது சிவந்தது. "அது விவசாய நிலம்மா. விவசாயக் கட்டடம் மட்டும்தான். மாட்டுக் கொட்டகை கட்டு, ஆட்டுப்பட்டி கட்டு, யாரும் கேக்க மாட்டோம். பொம்மை ஊரெல்லாம் கிடையாது" என்று விண்ணப்பத்தை மடித்து வைத்தார்.

"கால்நடைக் கொட்டகைக்கு அனுமதி உண்டா?"

"எத்தனை வேணும்னாலும்."

"எழுதிக் குடுங்க."

எழுதிக் கொடுத்தார். அதுதான் அவர் செய்த தப்பு.

இரண்டு வருஷம் கட்டினோம். தச்சன் கட்டினான், நான் சுமந்தேன், அவளுடைய அக்காமார் மூன்று பேரும் முணுமுணுத்துக்கொண்டே வண்ணம் அடித்தார்கள். முகப்பு உயர்ந்த மரக் கட்டடங்கள், இரட்டை ஆட்டக் கதவுகள், கட்டை பதித்த நடைபாதை. திறப்பதற்கு ஒரு மாதம் முன்பு மாவட்டக் கட்டட அதிகாரி டோனாவர் கோப்போடு வந்து இறங்கினார். ஸேஹூபரும் கூட வந்திருந்தார், புகார் கொடுத்தவரே அவர்தான்.

மதுக்கடைக் கதவைத் தள்ளினார் டோனாவர். உள்ளே மூன்று பசுக்கள் அசைபோட்டுக்கொண்டு நின்றன.

"இது என்ன, நீளமா மேசை மாதிரி?"

"தீவனத் தொட்டி ஐயா. மூடி போட்டிருக்கேன்."

"சுவத்துல அவ்வளவு பெரிய கண்ணாடி?"

"பசு முகம் பாக்கக் கூடாதுன்னு சட்டம் இருக்குங்களா?"

வங்கியில் நாற்பது கோழி. சிறையில் ஒரு பன்றி, கம்பிக்குப் பின்னால் படுத்திருந்தது. அது ஸேஹூபர் பண்ணையிலேயே வாங்கியது. காவல் அதிகாரி அலுவலகத்தில் இரண்டு ஆடு, ஒன்று நாற்காலியில். டோனாவர் ஒவ்வொரு கட்டடத்திலும் ஏதோ எழுதிக்கொண்டார். முகத்தில் சிரிப்பே இல்லை. கடைசியில் பேனாவை மூடினார்.

"கால்நடைகள் ஆரோக்கியமா இருக்கு. காற்றோட்டம் நல்லா இருக்கு. கொட்டகைதான்."

"யோவ், பலகையில 'மதுக்கடை'ன்னு போட்டிருக்கேய்யா!" என்று ஸேஹூபர் கத்தினார்.

"பசுவோட பேரா இருக்கும்" என்றார் டோனாவர். அப்போதும் சிரிக்கவில்லை.

பண்ணையைப் பார்க்க வருகிறவர்களுக்குச் சாப்பாடு விற்கவும் பாட்டுப் பாடிக் காட்டவும் எந்தச் சட்டமும் தடை சொல்லவில்லை. எங்கள் ஊர்ப் பீர் ஆலை, தலைவர் பேச்சைக் கேட்டு எங்களுக்குப் பீர் தர மறுத்தது. அஃப்ரா பக்கத்து ஊருக்குப் போனாள். மூஸ்ஹைம்காரனுக்கு எரிச்சல் என்றால் பக்கத்து ஊர்க்காரன் இலவசமாகவே செய்வான். பீப்பாய்களைத் தங்கள் வாத்தியக் குழுவோடு ஊர்வலமாகவே கொண்டுவந்து இறக்கினார்கள். மே மாத முதல் ஞாயிற்றுக்கிழமை கார்கள் கல்லறைத் தோட்டம் வரை வரிசை கட்டி நின்றன. லீஸல் மேல் ஏறி நின்று அவள் பாடியபோது பசுக்கள் மதுக்கடை ஜன்னல் வழியே தலையை நீட்டின. ஊருக்கு அவள் வைத்த பெயர் ட்ரோட்ஸ்ஹவுஸன். பிடிவாதம் குடியிருக்கும் ஊர் என்று அர்த்தம்.

இதையெல்லாம் சொல்லும்போது அவள் எல்லோரையும் எதிர்த்து நின்றாள் என்று தோன்றும். ஒரே ஒரு ஆளை எதிர்க்கவில்லை. அதையும் சொல்ல வேண்டும்.

நான்காவது கோடையில் எங்கள் கௌபாய் ஊரில் ஞாயிற்றுக்கிழமைகளில் இரண்டு முறை ஒரு சண்டைக் காட்சி நடந்தது. ஆக்ஸ்பர்க்கிலிருந்து ஒரு சங்கத்தார், ரயில்வே குமாஸ்தா ஓட்மார் தலைமையில், வந்து, மேட்டில் கூடாரமும் செதுக்கிய மரக்கம்பமும் நட்டு, உடம்பில் சிவப்புச் சாயம் பூசி, இறகு செருகி, அமெரிக்கப் பழங்குடி வேஷம் கட்டுவார்கள். கூச்சல் போட்டு ஓடி வருவார்கள். துப்பாக்கி வெடிக்கும். எல்லோரும் செத்து விழுவார்கள். கூட்டம் கைதட்டும். அதிகக் கூட்டம் வந்ததே அதற்குத்தான்.

ஒரு நாள் காட்சி முடிந்து, கட்டம் போட்ட சட்டை அணிந்த ஒருவர் அவளைப் பார்க்க வேண்டும் என்றார். பட்டாளத்தில் சார்ஜெண்ட். பெயர் ட்ஸோஸி. அமெரிக்கப் பழங்குடிகளில் நவஹோ இனத்தவர். மனைவியும் இரண்டு பெண் பிள்ளைகளும் சற்றுத் தள்ளிப் பிரெட்ஸல் ரொட்டி தின்றுகொண்டு நின்றார்கள்.

"அம்மா, உங்க பாட்டு நல்லா இருந்துச்சு. நிஜமாத்தான் சொல்றேன். எங்க ஊர்ல என் மாமா இந்த மாதிரிதான் பாடுவார்" என்றார். பிறகு தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டார். "ஆனா அந்த இன்னொண்ணு... கூடாரம் ஒரு ஜனத்தோடது. கம்பம் வேற ஜனத்தோடது. இறகு சினிமாவோடது. அது கூடப் பரவாயில்ல. என் சின்னவ கேக்கறா, 'அப்பா, நாம எல்லாரும் எப்பச் செத்தோம்?'னு. நான் என்ன பதில் சொல்ல?"

அஃப்ரா திரும்பி அந்தச் சின்னப் பெண்ணைப் பார்த்தாள்.

"அதுக்குப் பதிலா அங்க என்ன வைக்கணும்? சொல்லுங்க, வைக்கறேன்" என்றாள்.

"ஒண்ணும் வைக்க வேணாம்மா. நாங்க இருக்கற இடம் இது இல்ல."

அடுத்த ஞாயிறு ஓட்மாரும் ஆட்களும் சாயப் பெட்டியோடு வந்தபோது அவள் வாசலிலேயே நின்றிருந்தாள். காட்சி இனிமேல் கிடையாது என்றாள்.

"எவனோ ஒருத்தன் சொன்னான்னா?" ஓட்மார் சாயப் பெட்டியைத் தரையில் போட்டார். "நாங்க அவங்களை மதிச்சுத்தான் இதைப் பண்றோம். பன்னிரண்டு வருஷமா மணி கோத்துத் துணி தைக்கறேன் நான்!"

"மதிச்சுத்தான் பண்றே, தெரியும். ஆனா அந்தப் பொண்ணு கேட்டதுக்கு உனக்குப் பதில் தெரியுமா? தெரிஞ்சா சொல்லு, இப்பவே கதவைத் திறக்கறேன்."

"சனம் எங்களைப் பாக்கத்தான் வருது. உன் பாட்டுக்கு இல்ல!"

"அப்ப வராம போகட்டும்."

பாதிப் பேர் வராமல்தான் போனார்கள். பத்திரிகை கேலி செய்தது. ஸேஹூபர் சத்திரத்தில் அவள் காதுபட, "கௌபாய்க்காரி இப்ப யாரைச் சுடுவா? கோழியையா?" என்றார். கூடாரங்கள் இருந்த மேட்டில் அவள் எதையும் கட்டவில்லை. புல் வளர்ந்தது, குதிரைகள் மேய்ந்தன. கூட்டம் திரும்பி வர மூன்று கோடை ஆயிற்று. கயிறு வீசும் போட்டி, குட்டையைச் சுற்றிச் சின்ன ரயில், மாலை நடனம் என்று மெல்ல மெல்ல இழுத்தோம். பால் சங்கத்தை விட்டுவிட்டு நான் பகலில் ரயில் ஓட்டினேன், மாலையில் கிதார் வாசித்தேன்.

ஐம்பத்தெட்டு வயதில் அவளுக்குத் தொண்டையில் கட்டி. அறுவை சிகிச்சையில் கட்டியோடு குரலும் போயிற்று. பிழைத்தாள். மிஞ்சியது காய்ந்த சருகை மிதிக்கிற மாதிரி ஒரு சத்தம். பக்கத்தில் நின்றால்தான் கேட்கும்.

அந்தக் குளிர்காலத்தில் ஸேஹூபர் அவள் வீட்டுச் சமையலறைக்கு வந்தார். இன்னமும் அவர்தான் தலைவர். முழங்கால் வலியோடு உட்கார்ந்தார். கூடவே ஒரு பெரிய பொழுதுபோக்குக் கம்பெனியின் ஆள், பழுப்புக் கோட்டில். இடத்தை வாங்கிக்கொள்கிறார்களாம். சறுக்கு நீர்க்குழாய்கள் வருமாம். பெயரும் முகப்பும் அப்படியே இருக்குமாம்.

"உங்க பழைய பாட்டை நாள் முழுக்க ஒலிபெருக்கியில போடுவோம்மா. ஞாயித்துக்கிழமை நீங்க குதிரை வண்டியில வந்து கையாட்டினாப் போதும்" என்றார் கோட்டுக்காரர்.

"என் குரல் மேல... கம்பத்துல. நான் கீழே... கையாட்டிக்கிட்டு."

"ஆமாம்மா."

"பொம்மை நல்லாக் கையாட்டும். அதுவே வாங்கிக்கோங்க."

ஸேஹூபர் முன்னால் குனிந்தார். இந்த முறை அவர் குரலில் கேலி இல்லை. "அஃப்ரா, கோவிச்சுக்காதே. நான் எதிரியா சொல்லல. ஊர்ல பாதிக் குடும்பம் உன் இடத்துலதான் வேலை பாக்குது. பாட்டுக்காரி பாடாத இடத்துக்கு எவன் வருவான்? நல்லா இருக்கும்போதே விட்டுரும்மா."

அவள் எழுந்து அவர் தோளில் கை வைத்தாள். அது எனக்கே ஆச்சரியம்.

"மே மாசம் முதல் ஞாயிறு... ரெண்டு மணி. வாங்க தலைவரே. முன் வரிசையில... நாற்காலி போடறேன்."

அவர்கள் போனதும் நான் பொரிந்து தள்ளினேன். "என்னடி பண்ணப் போறே? பாட முடியாது உன்னால."

"உன்னால வாசிக்க முடியுமில்ல?"

மே மாத முதல் ஞாயிறு மதுக்கடை மேடையில் ஏறினாள். பசுக்கள் எல்லாம் எப்போதோ நிஜக் கொட்டகைக்குப் போய்விட்டிருந்தன. முந்நூறு பேர் இருப்பார்கள். ஒலிவாங்கியை உதட்டில் ஒட்டி வைத்துக்கொண்டாள். நான் 'திங்கட்கிழமை மழை'யின் மெட்டைக் கிதாரில் ஆரம்பித்தேன். அவள் பாடவில்லை. பேசினாள். ஒரு வரி சொல்வாள், மூச்சு வாங்குவாள், அந்த இடைவெளியை நான் நிரப்புவேன். இதுவரை அந்தப் பாட்டில் மழை மட்டுமே கேட்டிருந்த எனக்கு, மழையில் வீட்டுக்கு நடந்து வருகிறவள் அன்றுதான் தெரிந்தாள். என் விரல் இரண்டு இடத்தில் தடுமாறியது.

முதல் பாட்டுக்குப் பிறகு கைதட்டல் கொஞ்சம்தான். பின்வரிசையில் ஒரு குடும்பம் எழுந்தது. அந்த மனிதர் கதவருகே நின்று, "பாட்டுன்னு சொல்லித்தானே டிக்கெட் குடுத்தீங்க? இது என்ன?" என்று கேட்டார். மரியாதையாகத்தான் கேட்டார்.

"நியாயம்" என்றாள் ஒலிவாங்கியில். "வாசல்ல காசைத் திருப்பி வாங்கிக்கோங்க. இருக்கறவங்களுக்கு... இன்னும் ஆறு பாட்டு இருக்கு."

நாற்பது, ஐம்பது பேர் போனார்கள். நாற்காலிகள் நகரும் சத்தம் அடங்கும் வரை தலை நிமிர்ந்து நின்றாள். மீதிப் பேர், அவள் குரல் எட்டாததால், தாங்களாகவே நாற்காலிகளைத் தூக்கிக்கொண்டு மேடையருகே வந்தார்கள். ஸேஹூபர் முன் வரிசையில் கைத்தடிமேல் தாடையை வைத்து உட்கார்ந்திருந்தார். ஆறு பாட்டும் முடிந்ததும் அவர் தட்டவில்லை. எழுந்து வந்து, "எனக்கு ஒண்ணும் பிடிக்கல" என்றார். "நாளைக்கும் உண்டா?"

"திங்கள் விடுமுறை. செவ்வாய் வாங்க."

எல்லாம் சரியாகிவிட்டது என்று சொன்னால் பொய். பாதிக் கூட்டம் திரும்ப வரவே இல்லை. ரயிலை நிறுத்தினோம். மேலண்டைத் தெருவைப் பிரித்து மரத்தை விற்றோம். பழுப்புக் கோட்டுக்காரர் இன்னும் இரண்டு முறை வந்தார், இரண்டு முறையும் காப்பி மட்டும் கிடைத்தது. ஊர் சுருங்கியது, ஆனால் அவளுடையதாகவே இருந்தது. எழுபது வயதில் அதை அங்கே வேலை பார்த்த பதினான்கு பேர் பெயரில் எழுதி வைத்தாள். ஒரே நிபந்தனை: அவள் பழைய பாட்டை ஒலிபெருக்கியில் போடக் கூடாது, பாட ஆசைப்படுகிறவர் நேரில் வந்து பாட வேண்டும்.

இப்போது எண்பதைத் தாண்டிவிட்டாள். கோடை முழுக்க டிக்கெட் ஜன்னலில் உட்காருகிறாள். போன வாரம் நான் பக்கத்தில் இருந்தபோது, வெளியூர்க்காரர் ஒருவர் உள்ளே குனிந்து கேட்டார்.

"பாட்டி, இங்க குதிரைமேல நின்னு பாடுவாளே ஒருத்தி, அவ இன்னும் உயிரோட இருக்காளா?"

"இருக்கா" என்றாள் அஃப்ரா. "ரெண்டு மணிக்கு மேடையில பேசுவா. டிக்கெட் எத்தனை?"